அந்தப் படத்தில் நிற்கும் கார் எது?

பழைய ஒளிப்படங்களிலும் சினிமாவிலும் தெரியும் கார்களை இனங்காண்பது பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி (உவர்மலை): அப்பப்பாவின் கலியாணப் படம் ஒன்று இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் எடுத்தது. பின்னால் உருண்டையான கார் ஒன்று நிற்கிறது. பெரியப்பா அதை மொறிஸ் மைனர் என்கிறார், மாமா ஒஸ்ரின் ஏ40 என்கிறார். கார் எதுவென்று தெரிந்தால் கலியாணம் நடந்த ஆண்டும் தெரியும்தானே?

பதில்: மாமா சொல்வதுதான் சரி. அது ஒஸ்ரின் ஏ40 சோமர்செட். முன் மட்காட்டின் மேடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது முன்கதவோடு நிற்காமல் கதவுகளின் மேலாகச் சரிந்து இறங்கிப் பின் மட்காட்டில் சேர்கிறது. மொறிஸ் மைனரில் பின் மட்காட் தனிக் குமிழாகத் தள்ளி நிற்கும். பொனட் நுனியில் சிறகு போல மங்கலாகத் தெரிவது ஒஸ்ரினின் ‘பறக்கும் ஏ’ சின்னம். முன்கண்ணாடியும் நடுக்கம்பி இல்லாத ஒரே கண்ணாடி. 1956 வரை வந்த மைனர்களில் அது இரண்டு துண்டாக இருக்கும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிட வேண்டும். சோமர்செட்டுக்கு ஏ70 ஹியர்ஃபோர்ட் என்று ஓர் அண்ணன் உண்டு. இரண்டின் கதவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவுக்கு ஒரே அச்சு. முகத்தைப் பார்த்துப் பிரித்தால் ஏமாறுவோம், அளந்துதான் பார்க்க வேண்டும். முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடு வரை சோமர்செட்டில் 92.5 அங்குலம், ஹியர்ஃபோர்ட்டில் 99 அங்குலம். கதவின் அகலம் இரண்டிலும் ஒன்றென்பதால், சில்லிடைத் தூரத்தைக் கதவின் அகலத்தால் வகுத்தால் ஹியர்ஃபோர்ட்டின் விடை 7 சதவீதம் கூடுதலாக வரும். கார் நேர்ப்பக்கமாக நிற்கும் படத்தில்தான் இந்தக் கணக்கு செல்லும். சற்றே சாய்ந்து நின்றாலும் கணக்குப் பிழைக்கும். உங்கள் படம் ஏறக்குறைய நேர்ப்பக்கம், அதனால் சோமர்செட் என்று துணிந்து சொல்லலாம்.

ஆண்டு விடயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சோமர்செட் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. ஆகவே படம் 1952க்கு முந்தியதல்ல. அதற்கு மேல் கார் ஒன்றும் சொல்லாது. இந்த ஒஸ்ரின்கள் இங்கே பல பத்தாண்டுகள் ஓடின. 1968இல் நடந்த கலியாணத்துக்கும் அதே கார் வாடகைக்கு வந்திருக்கலாம். கார் தருவது கீழ் எல்லையை மட்டுமே. மேல் எல்லையைத் திருமணப் பதிவுச் சான்றிதழில் தேடுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): மொறிஸ் மைனரின் ஆண்டைப் படத்திலிருந்தே சொல்ல முடியுமா?

பதில்: முடியும். நம் நாட்டில் மைனரை அறியாத கண் குறைவு. ஆனால் எந்த உறுப்பை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற ஒழுங்கு முக்கியம்.

முதலில் கண்ணாடிகள். முன்கண்ணாடி நடுக்கம்பியோடு இரண்டு துண்டாகவும் பின்கண்ணாடி சிறியதாகவும் இருந்தால் 1948 முதல் 1956 வரைக்கும் உட்பட்டது. முன்னால் வளைந்த ஒரே கண்ணாடியும் பின்னால் அகன்ற கண்ணாடியும் என்றால் 1956இன் இறுதியில் வந்த மைனர் 1000 அல்லது அதற்குப் பிந்தியது. அடுத்தது முன்லைற். மிகப் பழைய மைனர்களில் லைற் இரண்டும் கீழே, கிரில்லோடு (முன்முகச் சல்லடையோடு) ஒட்டியே இருந்தன. 1950களின் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றிலும் அவை மட்காட்டின் மேல் ஏறிவிட்டன. பிறகு கிரில். 1954இன் இறுதியிலிருந்து கிடையான பட்டைகள் வந்தன. அதற்கு முன்பு தேங்காய்த் துருவி போன்ற சிறு கண்ணறைகள்.

இரு கதவுகளுக்கும் இடையிலுள்ள தூணையும் உற்றுப் பாருங்கள். அங்கே நெடுக்காக ஒரு பிளவு தெரிந்தால் அது திரும்பும்போது கை போல வெளியே நீளும் சமிக்ஞைக் கைக்கான இடம். 1961இல் அதை விட்டுவிட்டுக் கண்சிமிட்டும் விளக்குக்கு மாறினார்கள். ஆனால் சொந்தக்காரர்கள் பிற்காலத்தில் விளக்குப் பூட்டியிருப்பார்கள். விளக்கு இருப்பது ஆண்டுக்கு ஆதாரமாகாது. அடைக்கப்படாத பிளவு இருந்தால் அது நல்ல ஆதாரம்.

தொடக்ககால மைனரில் அழகான ஓர் அடையாளம் உண்டு. காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் அதன் நடுவை வெட்டி 4 அங்குலம் அகலமாக்கினார். அதற்குள் பம்பர்கள் அடித்து முடிந்துவிட்டன. ஆகவே அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்துப் பூட்டினார்கள். பொனட்டின் நடுவே நீளமாக ஓடும் தட்டையான மேட்டுப்பட்டையும் அதே 4 அங்குலத்தின் தடம்தான். அந்தப் பட்டை கடைசி மைனர் வரை தொடர்ந்தது. பம்பரில் ஒட்டுத்துண்டு தெரிந்தால் ஆரம்பகால வண்டி என்று நம்பலாம்.

கண்ணாடிகளைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. நடுக்கம்பியை வெட்டியெடுத்து ஒரே கண்ணாடி பூட்டிய பழைய மைனர்களும் ஓடுகின்றன. முன்கண்ணாடி புதிது, பின்கண்ணாடி சிறியது என்றால் பின்கண்ணாடியை நம்புங்கள். அதை மாற்றக் கூரைத் தகட்டையே வெட்ட வேண்டும், அந்த வேலையை யாரும் இலேசில் எடுக்க மாட்டார்கள். கிரில், பம்பர், மட்காட், பொனட் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். நம்மூர்க் கராஜ்களில் ஒரு காரின் பொனட் இன்னொரு காரில் உட்கார்ந்திருப்பது வழக்கம். 1990களில் இங்கே அடித்த மைனர் உறுப்புகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய காரில் புதுத் தகடு இருப்பது குற்றமல்ல. ஆனால் அந்தத் தகட்டை வைத்து ஆண்டு சொல்லக்கூடாது.

கேள்வி (நிலாவெளி): பழைய தமிழ்ப் படம் ஒன்றில் ஒரு காட்சியில் கதாநாயகன் இடப்பக்கம் இருந்து கார் ஓட்டுகிறார். அடுத்த காட்சியில் வலப்பக்கம் இருக்கிறார். இரண்டு கார்களா?

பதில்: ஒரே கார்தான். அந்தத் துண்டில் படச்சுருள் இடம்வலம் புரண்டிருக்கிறது. கார் போகும் திசையை முந்திய காட்சியோடு பொருத்துவதற்காகத் தொகுப்பில் இப்படிச் செய்வதுண்டு. உறுதிப்படுத்த வழி இருக்கிறது. ஆண்களின் சட்டைப் பை இடது மார்பில் இருக்கும், சேலைத் தலைப்பு பெரும்பாலும் இடது தோளில் விழும். அவை வலப்பக்கம் மாறியிருந்தால் படம் புரண்டது. கடைப் பலகையின் எழுத்து இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். வீட்டு ஆல்பத்திலும் இது நடக்கும். நெகட்டிவ்வை முன்பின் பக்கம் மாற்றி வைத்துப் பிரதி எடுத்திருப்பார்கள். ‘இடப்பக்க ஸ்டியரிங், ஆகவே வெளிநாட்டில் எடுத்தது’ என்று முடிவு கட்டுமுன் பையைப் பாருங்கள்.

சினிமாக் காரை அளப்பதற்கு முன் இன்னொன்றும் செய்ய வேண்டும். அகலத்திரைப் படங்களைத் தொலைக்காட்சிக்கு நெருக்கும்போது கார்கள் குட்டையாகி உயர்ந்து நிற்கும். கார் நேர்ப்பக்கம் வரும் ஒரு சட்டத்தில் (ஃபிரேமில்) நிறுத்தி, சில்லின் உயரத்தையும் அகலத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால், சமமாகும் வரை படத்தின் அகலத்தைத் திருத்திவிட்டுத்தான் மற்ற அளவுகளை எடுக்க வேண்டும். கணினியில் வீஎல்சி பிளேயரில் ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக நகரும்.

கேள்வி (மூதூர்): இந்தியப் படங்களில் வருவது அம்பாசடர், நம் ஊரில் ஓடியது மொறிஸ் ஒக்ஸ்போட். இரண்டும் ஒன்றுதான் என்கிறார்களே?

பதில்: பிறப்பில் ஒன்று. 1956இல் இங்கிலாந்தில் வந்த மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசையின் உடம்புதான் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் அம்பாசடராயிற்று. பொனட்டில் நீளவாக்கில் ஓடும் மடிப்புகளும் பின் மட்காட்டில் எழும்பும் சிறு துடுப்பும் இரண்டுக்கும் பொது. மடிப்பும் துடுப்பும் இல்லாத வழவழப்பான கார் என்றால் அது முந்திய தலைமுறை: இங்கே ஒக்ஸ்போட் இரண்டாம் வரிசை, இந்தியாவில் லான்ட்மாஸ்டர்.

பிரிப்பதற்கு உதவுவது காலம். இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் 1959இல் முற்றிலும் வேறு உடம்புக்கு மாறிவிட்டது. இந்தியாவில் பழைய உடம்பு 2014 வரை தொடர்ந்தது. 1962இல் வந்த அம்பாசடர் மார்க் 2இன் கிரில் சதுரங்கக் கட்டம் போல இருக்கும். கட்டக் கிரில் தெரிந்தால் அது ஒக்ஸ்போட்டாக இருக்க வழியில்லை. 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என்று முகம் மாறிக்கொண்டே போயிற்று.

1960களில் நடப்பதாக அண்மையில் எடுத்த படங்களில் பிற்கால அம்பாசடருக்குப் பழைய கிரில் பூட்டி நிறுத்துவார்கள். கிரில்லை விட்டுவிட்டுக் கதவுத்தூணைப் பாருங்கள். தோள்பட்டி தொங்கும் இருக்கைப் பட்டி அங்கே இருந்தால் வண்டி பிந்தியது. இலக்கத் தகட்டில் ‘ரீஎன்’ எழுத்தோடு இரண்டு இலக்க மாவட்ட எண் இருந்தால் அது 1989க்குப் பின் வந்த முறை. அதற்கு முன் தமிழ்நாட்டில் மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும்தான். எம்.ஜி.ஆரின் அம்பாசடர் ‘ரீஎம்எக்ஸ் 4777’ என்பது பலருக்கும் மனப்பாடம். எனினும் சினிமாவில் தகட்டுக்கு மேல் தகடு ஒட்டுவது சாதாரணம். தகட்டை ஒரே சாட்சியாக எடுக்காதீர்கள்.

கேள்வி (பாலையூற்று): 1960 அளவில் வந்த படத்தில் கதாநாயகி பத்மினிக் காரிலிருந்து இறங்கும்போது முன்கதவு பின்பக்கமாகத் திறக்கிறது. பத்மினியில் அப்படி உண்டா?

பதில்: இல்லை. அது ஃபியட் 1100. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்தது. அந்தப் பழைய ஃபியட்டில் முன்கதவும் பின்கதவும் நடுத்தூணிலேயே தொங்கின. கதவு மூடியிருந்தாலும் கண்டுபிடிக்கலாம்: முன்கதவின் கைப்பிடி முன்னோரத்தில், முன்கண்ணாடிக்குப் பக்கமாக இருக்கும். இந்தியாவில் 1964 அளவில் வந்த 1100 டீயிலிருந்து கதவு வழமைபோல் திறந்தது. அந்தக் காருக்குப் பத்மினி என்ற பெயர் 1970களின் நடுவில்தான் சூட்டப்பட்டது. 1960களின் படத்தில் வரும் எந்தக் காரையும் பத்மினி என்று எழுதுவது பிழை.

கேள்வி (சீனக்குடா): இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கே வேலை செய்த பாட்டனார் ஜீப்பில் சாய்ந்து நிற்கும் படம். அது வில்லிஸா, ஃபோர்டா?

பதில்: முதலில் அது யுத்தகால ஜீப்தானா என்று பார்க்க வேண்டும். முன்முகத்தில் உள்ள பிளவுகளை எண்ணுங்கள். ஒன்பது என்றால் வில்லிஸ் எம்பி அல்லது ஃபோர்ட் ஜிபிடபிள்யூ, இரண்டும் யுத்த கால வண்டிகள். ஏழு என்றால் 1945இல் தொடங்கிய பொதுமக்கள் ஜீப்பும் அதன் வழிவந்தவையும். யுத்த ஜீப்பின் முன்லைற் சிறியது, முகத்தகட்டுக்குச் சற்று உள்ளே இருக்கும். பொதுமக்கள் ஜீப்பில் பெரிய லைற் வெளியே துருத்தி நிற்கும். உபரிச் சில்லையும் பாருங்கள். யுத்த ஜீப்பில் அது பின்னால் தொங்கும். மற்றதில் பின்பலகை திறக்க வேண்டும் என்பதால் பக்கவாட்டுக்குப் போய்விட்டது.

வில்லிஸா ஃபோர்டா என்பதைப் பெரும்பாலான படங்களில் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வரைபடத்தில் செய்தவை. தாழ்வாக முன்னிருந்து எடுத்த படமென்றால் மட்டும் ஒரு வழி உண்டு. கிரில்லுக்குக் கீழே, பின்னால் தெரியும் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த பெட்டி போலச் சதுரமாக இருந்தால் ஃபோர்ட். நிற்கும் ஜீப் கையில் கிடைத்தால் வேலை இன்னும் எளிது. ஃபோர்ட் தன் போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது.

படத்தின் காலத்துக்கு வேறு சாட்சிகளும் உண்டு. முன்லைற்றுக்கு முகமூடி மாட்டி, மட்காட் ஓரத்தில் வெள்ளை பூசியிருந்தால் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகளை மறைத்த இருட்டடிப்புக் காலம். திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கியது 1942 ஏப்ரல் 9. ‘ஆர்என்’ எழுத்துள்ள தகடு பிரித்தானியக் கடற்படையுடையது. 1957 அக்டோபரில் இங்குள்ள கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது என்பதால் அந்தத் தகட்டோடு இங்கே எடுத்த படத்துக்கு அதுவே மேல் எல்லை. இப்படி மேல் எல்லை கிடைப்பது அரிது, இந்தத் துறைமுக நகரத்துக்கு வாய்த்த வசதி அது.

கேள்வி (திருக்கடலூர்): எங்கள் படத்தில் காரின் இலக்கத் தகட்டில் தமிழில் ‘ஸ்ரீ’ இருக்கிறது. யாராவது பிறகு எழுதியதா?

பதில்: படத்தில் எழுதியதல்ல, தகட்டிலேயே எழுதியது. அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். 1956 வரை இலங்கைத் தகடுகளில் ‘சிலோன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இட்டார்கள்: சீஈ, சீஎல், சீஎன், ஈஎல், ஈஎன், ஈவை என்றவாறு. 1957 தொடக்கத்திலிருந்து சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் நடந்த போராட்டத்தில் தமிழரசுக் கட்சியினரும் ஆதரவாளர்களும் சிங்கள எழுத்தை நீக்கித் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். 1957, 1958 ஆண்டுகளின் கதை அது. உங்கள் படத்தை அந்த இரண்டு ஆண்டுக்குள் வைப்பது நியாயம்.

தகடுகளைப் பற்றி ஒரு பொதுக்குறிப்பு. இங்கே காருக்கு ஒருமுறை கிடைத்த இலக்கம் காரோடேயே இருக்கும். சீஎன் தகடு தெரிவதால் படம் 1956க்கு முந்தியது என்று சொல்லக்கூடாது. இன்றைக்கும் அந்த எழுத்தோடு கார்கள் ஓடுகின்றன. மறுபக்கம், ஸ்ரீத் தகடு இருந்தால் படம் 1957க்கு முந்தியதல்ல என்பது உறுதி. இலக்கங்களுக்கு நடுவே வெறும் கோடு என்றால் ஸ்ரீக்கும் பிந்தியது. ஆங்கில எழுத்துகள் மீண்டும் வந்தது 2000இல்.

கேள்வி (உப்புவெளி): சினிமாவில் வரும் இறக்கை வைத்த அமெரிக்கக் கார்களை எல்லாரும் இம்பாலா என்கிறார்களே?

பதில்: இம்பாலா என்ற பெயரே 1958இல்தான் வந்தது. பின்பக்கம் காட்டும் சட்டத்தில் நிறுத்துங்கள். 1959 ஷெவர்லேயில் இறக்கை நிமிர்ந்து நிற்காமல் வௌவால் சிறகு போலப் படுத்திருக்கும், அதன் கீழே பூனைக்கண் வடிவில் பக்கத்துக்கு ஒரு பெரிய சிவப்பு விளக்கு. 1960இல் இம்பாலாவுக்குப் பக்கத்துக்கு மூன்று உருண்டை விளக்குகள். மிக உயர்ந்த இறக்கையும் அதில் தோட்டா போன்ற இரட்டை விளக்கும் என்றால் 1959 கடிலக். முன்னால் நான்கு லைற் இருந்தால் 1957க்கு முந்தியதல்ல. பிளிமத், டொட்ஜ், டிசோட்டோ மூன்றையும் பம்பாயில் பிரீமியர் நிறுவனமே பூட்டியதால் இந்தியப் படங்களில் அவை அதிகம். இறக்கையைக் கண்டவுடன் ஷெவர்லே என்று எழுதுவதற்கு முன் அவற்றை நினையுங்கள்.

மலையிலிருந்து உருளும் கார் மட்டும் வேறாக இருக்கும். நல்ல காரை யாரும் உருட்டுவதில்லை. அதே நிறம் பூசிய பழைய உடம்பு ஒன்றைத் தள்ளுவார்கள். பேசும் காட்சியில் உள்ளே தெரிவதும் பலவேளை ஸ்டூடியோவில் வைத்த வேறொரு காரின் டேஷ்போர்ட். வெளிக்காட்சியையும் உட்காட்சியையும் தனித்தனியே இனங்காணுங்கள்.

கேள்வி (லிங்கநகர்): கறுப்புவெள்ளைப் படத்தில் காரின் நிறம் தெரியுமா?

பதில்: தெரியாது. கடும் சிவப்பும் கடும் பச்சையும் ஒரே சாம்பலாக விழும். வாகனப் பதிவுப் புத்தகம் இருந்தால் அதில் நிறம் எழுதியிருக்கும்.

கேள்வி (கிண்ணியா): படத்தை அனுப்பினால் ‘தெளிவில்லை’ என்று பதில் வருகிறது. எப்படி எடுத்து அனுப்புவது?

பதில்: பெரும்பாலும் குறை படத்தில் இல்லை, அனுப்பும் முறையில் இருக்கிறது. 3 அங்குல அகலப் படத்தில் கார் அரை அங்குலம் என்று வையுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கேன் செய்தால் கார் முழுவதற்கும் 150 புள்ளிதான். 1200இல் செய்தால் 600 புள்ளி கிடைக்கும், கதவுக் கைப்பிடி தெரியும். அதற்கு மேலே போனால் கோப்புத்தான் பெருக்கும். கறுப்புவெள்ளைப் படத்தையும் வர்ண முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறையையும் பூஞ்சணத்தையும் பிறகு பிரித்தெடுக்க அது உதவும். கோப்பை டிஃப் வடிவில் சேமியுங்கள். வட்சப்பில் படமாக அனுப்பினால் அது நெருக்கிவிடும், ‘ஆவணம்’ என்பதைத் தெரிவுசெய்து அனுப்புங்கள்.

ஸ்கேனர் இல்லையென்றால் பகலில் யன்னலோரம் வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். வெளிச்சம் பக்கவாட்டாக விழ வேண்டும், போன் படத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சரிந்து எடுத்தால் சில்லிடைத் தூரம் பிழையாகும். கடற்கரை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களை இழுக்காதீர்கள், படத்தின் மேற்படை கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள். கறுப்புத்தாள் ஆல்பத்தில் பசையிட்ட படங்களுக்கும் இதுவே வழி.

படத்தைத் ‘தெளிவாக்கும்’ செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேண்டாம். மங்கிய தகட்டில் இல்லாத எழுத்தை அவையே வரைந்துவிடும், கிரில்லுக்குப் புதுக் கம்பி போட்டுவிடும். காரை மட்டும் வெட்டியும் அனுப்பாதீர்கள். முழுப் படமும் வேண்டும், பின்பக்கமும் வேண்டும். ஸ்டூடியோ முத்திரையோ யாரோ எழுதிய ஒரு திகதியோ அங்கேதான் இருக்கும். நீங்கள் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில் எழுதுங்கள். போல்பொயிண்ட் அழுத்தினால் முன்பக்கத்தில் காரின் மேலேயே கோடு விழும்.